அட்டை தொலைந்தால் உரிமையும் தொலையுமா?

வளைகுடாவில் மனைவி மக்களோடு வாழும் சகோதரர்களே!

துபாயில் உங்கள் மனைவியின் எமிரேட்ஸ் ஐடி அட்டை தொலைந்து விட்டது. உடனே என்ன செய்கிறீர்கள்? முதலில் அவரைத் திட்டுகிறீர்கள். பிறகு ஊர்க்காரர் சொன்ன புரோக்கரிடம் ஓடுகிறீர்கள். அவரோ, "விசாவே போய்விடும்" என்று பயங்காட்டிப் பணம் பறிக்கிறார்.

விசா எப்படிப் போகும்? பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கர் ஒட்டுவதை அமீரகம் 2022-ல் நிறுத்திவிட்டது. அதன் பிறகு அந்த அட்டைதான் குடியிருப்புக்குச் சான்று. சான்று தொலைந்ததால் அனுமதி ரத்தாகி விடாது. அது அரசின் கணினியில் பதிவாகி இருக்கிறது.

ஐ.சி.பி. என்னும் அரசு ஆணையத்தின் சேவை மையத்தில் உடனே தெரிவித்து, தொலைந்த அட்டையை முடக்குங்கள். மாற்று அட்டைக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் 300 திர்ஹம். சேவைக் கட்டணம் தனி. 15 வயதுக்குட்பட்ட பிள்ளையின் அட்டை என்றால் பிறப்புச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் கொண்டு செல்லுங்கள். இதற்குப் புரோக்கர் எதற்கு?

இன்னொன்றும் கேட்கிறோம். தொலைந்து விடும் என்று பயந்து, மனைவியின் அட்டையைப் பெட்டியில் பூட்டிச் சாவியோடு கடைக்குப் போகிறவர்கள் நம்மில் இல்லையா? ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான். நடுப்பகலில் அவருக்கு நெஞ்சு வலித்தால் எதைக் காட்டுவார்? இது நியாயமா?

ஸ்பான்சர் என்றால் பொறுப்பாளி என்று பொருள், எஜமான் என்றல்ல. அட்டை அவருடையது. உங்களிடம் இருப்பது அமானிதம். இன்றே அவர் கையில் கொடுங்கள். அட்டை எண்ணையும் நகலையும் இருவரும் வைத்துக் கொள்ளுங்கள்.

சிந்தியுங்கள் சகோதரர்களே!