பிள்ளைக்குக் கட்டுரை, நமக்குக் கேரி பேக்கா?

பள்ளியில் கண்காட்சி என்றால் நம் வீடுகளில் ஒரு கூத்து நடக்கும். 'பிளாஸ்டிக் அரக்கனை ஒழிப்போம்' என்று பிள்ளை ஒரு மாதிரி வடிவம் செய்துகொண்டு போக வேண்டும்; அது முந்தைய நாள் இரவுதான் நினைவுக்கு வரும். அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு ஓடி, தெர்மோகோல் அட்டையும் பசையும் வாங்கி வருவார். தெர்மோகோலும் பிளாஸ்டிக்தான் ஐயா! பாலிஸ்டைரினை உப்பவைத்துச் செய்தது. அரக்கனை ஒழிக்க அரக்கனையே வாங்கிவந்து, கண்காட்சி முடிந்ததும் குப்பையில் போட்டுவிட்டு, பரிசு வாங்கிய படத்தை ஸ்டேட்டஸிலும் வைக்கிறோம்.

பிறந்தநாள் விழா இன்னும் மோசம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. பிளாஸ்டிக் டம்ளரும் ஸ்ட்ராவும் மட்டுமல்ல. பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப், பேப்பர் தட்டு, சாப்பாட்டு மேசையில் விரிக்கும் ஷீட், 'நான் ஓவன்' எனப்படும் நெய்யாத பை எல்லாமே பட்டியலில் உண்டு. ரிட்டர்ன் கிஃப்ட் போட்டுக் கொடுக்கிறோமே, அந்தக் கலர் பையின் ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். நெசவு இருக்காது, இழை பிரித்தெடுக்க வராது, பிசிறு பிசிறாகப் பிய்யும். பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். "துணிப்பைதானே கொடுத்தோம்" என்று அதற்கு ஒரு சமாதானம் வேறு!

பிளாஸ்டிக்கைத் திட்டுவது சுலபம். பழைய வீடுகளின் சுவரில் இன்னமும் இருக்கும் கறுப்புக் குமிழ் ஸ்விட்சைத் தட்டிப் பாருங்கள். லியோ பேக்லண்ட் 1907இல் உருவாக்கிய பேக்கலைட் என்ற பிளாஸ்டிக்கின் வாரிசு அது. தாத்தா தட்டியது பேரன் தட்டியும் உடையவில்லை. இன்று கடைதோறும் தொங்கும் பிடி வைத்த பையின் கதையும் அப்படித்தான். ஸ்வீடன் பொறியாளர் ஸ்டென் குஸ்தாஃப் துலின் வடிவமைத்த அந்தப் பைக்கு, அவர் வேலை பார்த்த செல்லோபிளாஸ்ட் நிறுவனம் 1965இல் காப்புரிமை பெற்றது. காகிதப் பைக்காக மரங்களை வெட்டுகிறார்களே என்ற கவலையில்தான் அவர் அதைச் செய்தார், மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பார் என்று அவருடைய மகன் சொல்லியிருக்கிறார். கறிவேப்பிலை வாங்க ஒன்று, கொத்தமல்லி வாங்க ஒன்று என்று வாங்கி வீசுவது நாம் பழகிக்கொண்ட பழக்கம்.

குழந்தைக்குப் பால் கலக்கும் பாட்டிலுக்கு வருவோம். டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் பாலிபுரோப்பிலீன் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றிக் குலுக்கிச் சோதித்தார்கள். ஒரு லிட்டருக்கு 1.6 கோடி நுண்துகள்கள் வரை உதிர்ந்தன. சூடு ஏற ஏற எண்ணிக்கையும் ஏறியது. அவை உடம்புக்குள் என்ன செய்யும் என்ற ஆராய்ச்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதுவரை கொதிக்கக் கொதிக்க சாம்பார் சாதத்தைப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பதா? எவர்சில்வர் டப்பா கனமாம், பிள்ளைக்குத் தோள் வலிக்குமாம். புத்தகப் பையின் கனம் மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை.

பால் பவுடரைப் பீங்கான் அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் வெந்நீரில் கலக்கி, ஆறிய பிறகு பாட்டிலில் ஊற்றுங்கள். அடுத்த பிறந்தநாளுக்கு வீட்டு டம்ளர்களை எடுங்கள்; போதவில்லையென்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள், கொடுப்பார்கள். பிள்ளையின் அடுத்த மாதிரியைப் பழைய அட்டைப்பெட்டியில் செய்யுங்கள். பரிசு கிடைக்காவிட்டால் போகட்டும்.