சூலியா தெருவுக்கு எத்தனை பெயர்?

பினாங்கு சூலியா தெருவில் நின்று கைப்பேசியைத் திறந்தால் அது 'லெபோ சூலியா' என்று காட்டும். பக்கத்தில் இருக்கும் சீனப் பெரியவரைக் கேட்டால் 'கூ கான் தாங்' என்பார். மாட்டுக்கொட்டகை என்று பொருள். 'கூ' என்றால் ஹொக்கியனில் மாடு. மீதி மலாய் 'கண்டாங்'. ஆங்கிலேயர் தொடக்கத்தில் இதற்கு வைத்த பெயரோ மலபார் தெரு. அந்தக் காலத்தில் அவர்களுக்குத் தமிழர் எல்லாருமே 'மலபார்'தான்! தமிழ் முஸ்லிம்களைக் குறிக்கும் சூலியா என்ற பெயர் அதன் பிறகே நிலைத்தது.

காகித வரைபடத்தில் இத்தனை பெயரையும் எழுத இடம் ஏது? மின்னிலக்க வரைபடத்தில் இடம் உண்டு. காரணம், அது வெறும் படம் இல்லை. படத்தோடு கட்டிப்போட்ட அட்டவணை. ஜி.ஐ.எஸ். எனும் புவியியல் தகவல் முறைமையின் சூட்சுமமே இதுதான்.

நாகூர் தர்கா அதில் ஒரு புள்ளி. சூலியா தெரு ஒரு கோடு. 2008 ஜூலை 7-இல் யுனெஸ்கோ அறிவித்த உலகப் பாரம்பரியத் தளம், எல்லை கட்டிய ஒரு பரப்பு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வரிசைத் தகவல்: பெயர், கட்டிய ஆண்டு, என்ன பயன்பாடு, யார் குடியிருக்கிறார்கள். கண்ணாடித் தாள்களைப் போல இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டால் கேள்வி கேட்கலாம். 'எல்லைக்குள் இருக்கும் கடைவீடுகளில் விடுதியாக மாறியவை எவை?' என்றால் நொடியில் அவை மட்டும் நிறம் மாறி நிற்கும். நம் பினாங்கு மாநிலத்தில் இந்த வேலைக்கென்றே 'பெகிஸ்' என்ற மையம் இருக்கிறது.

அப்படிக் கேட்டபோது கிடைத்த பதில்தான் என்னை உறுத்துகிறது. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு 2000-த்தோடு போனதும் வாடகை ஏறியது. குடும்பங்கள் வெளியேறத் தொடங்கின. பாரம்பரியத் தளத்துக்குள் 2009-இல் எடுத்த கணக்கில் குடியிருப்போர் 10,000-க்குச் சற்று மேல். 2013-இல் 9,500-க்கும் கீழே. விடுதிகளோ பெருகியிருந்தன.

சுவருக்குச் சுண்ணாம்பு பூசிக் காப்பாற்றிவிடலாம். ஆனால் குடும்பம் கிளம்பும்போது சந்துக்கும் முக்குக்கும் அவர்கள் புழங்கிய பெயரும் மூட்டையோடு போய்விடுகிறது. அதை எந்த அதிகாரி எந்த அட்டவணையில் ஏற்றுவார்?

இதற்கு அரசாங்கத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' என்ற உலக வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கணக்குத் திறந்து திருத்தலாம். ஒவ்வோர் இடத்துக்கும் மலாய், சீனம், தமிழ் என்று பெயருக்குத் தனித்தனிக் கட்டம் போடலாம். பழைய பெயருக்கும் ஒன்று உண்டு. நாம் நிரப்பாவிட்டால் தமிழ்க் கட்டம் காலிதான். நிபந்தனை ஒன்று: கூகுளையோ வேறு வரைபடத்தையோ பார்த்துக் காப்பி அடிக்கக் கூடாது. நேரில் தெரிந்ததை, மக்கள் உண்மையில் புழங்குவதைத்தான் எழுத வேண்டும்.

வானொலிக்காரி சொல்கிறேன், ஜார்ஜ்டவுனில் வளர்ந்த தாத்தா, பாட்டி வீட்டில் இருந்தால் முதலில் கைப்பேசியில் அவர்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். எந்த முக்கு, எந்தச் சந்து, என்ன பெயர், யார் கடை என்று கேளுங்கள். தட்டச்சு அடுத்த வாரம்கூடச் செய்துகொள்ளலாம்.