பிழைக்குக் குரல் வேண்டும்

நீதி வேண்டி வருவோர் இழுப்பதற்கென எல்லாளன் தன் படுக்கையின் தலைப்பக்கத்தில் நீண்ட கயிறு பூட்டிய மணியொன்றைத் தொங்கவிட்டிருந்தான் என மகாவம்சம் கூறுகின்றது. உறங்குவோனின் கண்ணை முறைப்பாடு எட்டாது, செவியை எட்டும். அநுராதபுரத்து அரசன் அறிந்திருந்த இவ்வுண்மையை இன்றைய மென்பொருள் வல்லுநருட் பலர் ஏற்க மறுக்கின்றனர்.

ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்படும் நிரல்கள் வெப்பேக் போன்ற கருவிகளாற் கட்டியமைக்கப்படுகின்றன. கோப்பொன்று மாறுந்தோறும் கருவி தானே மீளக் கட்டுமாறு அமைப்பதும் வழக்கம். இடையில் ஓர் அடைப்புக்குறி விடுபட்டால் பிழைச்செய்தி வேறொரு சாளரத்திற் சிவப்பெழுத்தில் தோன்றும். நிரலாளரின் கண்ணோ தாம் எழுதும் சாளரத்தில் இருக்கும். பல வேளைகளில் உலாவியிற் பழைய ஆக்கமே தெரிய, செய்த திருத்தம் ஏன் பலிக்கவில்லை என அவர் வீணே தேடுவார்.

பிழையை ஒலியால் அறிவிப்பது சிறுபிள்ளைத்தனம், கண்ணிருக்கக் காது எதற்கு என்பர் சிலர். இவ்வாதம் வரலாற்றை மறந்த வாதமாகும். தொலையச்சு இயந்திரங்களில் இயக்குநரை அழைக்க மணி இருந்தது. 1963 இல் வெளியான ஆஸ்கி குறியீட்டிலும் 7 ஆம் இலக்கம் மணிக்கே ஒதுக்கப்பட்டது. அவ்விலக்கத்தை முனையத்துக்கு அனுப்ப ஒரு வரி நிரல் போதும். மேலும், பார்வையற்ற நிரலாளருக்குச் சிவப்பு நிறம் எதனைச் சொல்லும்?

ஒலி மிகுந்தால் எவரும் செவிமடுக்கார் என்பது சற்று வலிய மறுப்பு. 1979 இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்தின்போது நூற்றுக்கு மேற்பட்ட அபாய அறிவிப்புகள் ஒருங்கே எழுந்து இயக்குநரைக் குழப்பின. ஆயின் அங்கே குற்றவாளி அளவின்மையே. மணியைப் பழிப்பதிற் பயனில்லை. தெஹிவளையூடாகச் செல்லும் கரையோரப் பாதையிற் கடவை மணி நாள்முழுதும் ஒலித்தால் அதனை எவர் மதிப்பர்? எனவே வெற்றிக்கு மௌனம், சிறு எச்சரிக்கைக்கு எழுத்து, கட்டுமானம் முறியும்போது மட்டும் ஓர் ஒலி என்பதே தக்க முறையாம்.

2004 டிசம்பர் 26 இல் சுமாத்திராவுக்கருகே நிலம் அதிர்ந்ததைக் கருவிகள் பதிந்தன. எமது கிழக்குக் கரையை அலை தொட ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் இருந்தது. கரையில் ஒலிப்பதற்கு மணி இருக்கவில்லை. இந்நாட்டில் 30,000 க்கு மேற்பட்டோர் மாண்டனர். நிரற்பிழையைப் பேரழிவோடு ஒப்பிடுதல் தகாது. எனினும் அறிவது வேறு, அறிவிப்பது வேறு என்னும் பாடம் இரண்டுக்கும் பொது. அறிந்தும் வாய்திறவாத கருவி தன் கடமையிற் பாதியையே செய்கின்றது.