பொழுதுபோக்கு: வாசிப்பு, சினிமா

வரன் தேடும் பயோடேட்டாவில் ‘பொழுதுபோக்கு: வாசிப்பு, சினிமா’ என்று ஒரு வரி இருக்கும். என்ன புத்தகம், என்ன படம் என்று எந்த மாப்பிள்ளை வீட்டாரும் கேட்பதில்லை. கேட்டால்தானே பெண்ணைப் பற்றி ஏதாவது தெரியவரும்? என் அண்ணன் மகள் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி வேலைக்குப் போகிறவள். காலை நெரிசலில் ஒரு கை கம்பியில், மறு கையில் அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’. கட்டைவிரலால் பக்கத்தை அழுத்திப் பிடித்து, அதே விரலால் புரட்டவும் செய்கிற வித்தை அவளுக்குக் கைவந்துவிட்டது. 1988இல் வந்த தொகுப்பு. அதைப் படித்ததிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் அடுக்களையில் ஜன்னல் எங்கே என்றுதான் முதலில் பார்க்கிறாள். படம் என்றால் ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ (1978). ஸ்ரீப்ரியா நடித்த மஞ்சுவைத் திமிர் பிடித்தவள் என்று சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வந்துவிடுவாள். (அலுத்து வரும் இரவுகளில் ‘தில்லு முல்லு’தான், அது தனிக் கணக்கு.) இதையெல்லாம் பயோடேட்டாவில் எழுதலாமே என்றேன். “வர்ற ஒண்ணு ரெண்டு வரனும் ஓடிடும் தம்பி” என்றார் அண்ணி. ஓடட்டுமே! மஞ்சுவின் பேரைக் கேட்டு மிரளுகிறவன் இப்போதே மிரண்டால் மண்டப அட்வான்ஸாவது மிச்சம்.