படிகளும் பழமையும்



ஆண்டுதோறும் டிசம்பர் 31-ஆம் நாள் இரவு, நம் திருத்தணி மலையின் 365 படிகளிலும் அடியார் கூட்டம் பாடிக்கொண்டே ஏறுவதைக் காண்கிறோம். தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்றே நம்மில் பலர் எண்ணியிருந்தோம். ஆனால் அது வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்படுத்திய விழா. ஆங்கிலப் புத்தாண்டன்று துரைமார் வாயிலில் காத்து நின்றவர்களை முருகன் வாயிலுக்கு அழைக்கவே அதைத் தொடங்கினாராம். பழமையைக் காக்கவும் ஒரு புதுமை வேண்டியிருந்தது!

அரசியலில் பழமையைப் போற்றும் கொள்கையைப் பழமைவாதம் என்பர். அதிலும் பல பிரிவுகள் உண்டு. பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து 1790-இல் நூல் எழுதிய எட்மண்ட் பர்க், மாற்றமே கூடாது என்றாரில்லை; வேரோடு பிடுங்காமல் மெல்லத் திருத்த வேண்டும் என்றார். ஜோசப் தெ மெய்ஸ்தர் என்பவரோ முடியாட்சியும் திருச்சபையின் அதிகாரமும் மீண்டும் ஓங்க வேண்டும் என்றார். மக்களின் தொழிலிலும் உடைமையிலும் அரசு தலையிடலாகாது என்போர் மற்றொரு பிரிவினர்.

நம் நாட்டில் மூதறிஞர் இராஜாஜியின் வாழ்வே இதற்குத் தக்க பாடம். 1939-இல் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தபோது, அவரது அரசு சட்டம் இயற்றி அதற்குத் துணை நின்றது. 1959-இல் அவர் தொடங்கிய சுதந்திராக் கட்சி, பெர்மிட், லைசென்ஸ் ஆட்சியை எதிர்த்தது. 1967 தேர்தலில் மக்களவையில் 44 இடங்களைப் பெற்றது.

ஆனால் 1953-இல் அவரே சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளுக்கு அரைநாள் கல்வித் திட்டம் கொண்டுவந்தார். இருக்கும் பள்ளிகளிலேயே கூடுதல் பிள்ளைகளைச் சேர்ப்பது நோக்கம். மீதி நேரத்தில் ஆண்பிள்ளைகள் தந்தையின் தொழிலையும், பெண்பிள்ளைகள் தாயிடம் வீட்டுவேலையையும் கற்க வேண்டும். ‘குலக்கல்வி’ என எதிர்ப்பு எழுந்தது. 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அது நிலைத்திருந்தால், சிற்றூர்களில் பிறந்த நம் பாட்டிமார் பலர் உளியும் உலக்கையுமே பாடமாகக் கொண்டிருப்பர்.

பழமை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தாய்மொழி, பெரியோரிடம் பணிவு, வழிபாடு யாவும் முன்னோர் தந்த செல்வங்களே. ஆயினும் எதைக் காக்கிறோம் என்பதோடு, அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்றும் கேட்க வேண்டும். பெண்ணின் படிப்பை நிறுத்தித்தான் ஒரு வழக்கத்தைக் காக்க முடியுமென்றால், அவ்வழக்கம் போகட்டும், அவள் படிக்கட்டும். இதுவே எங்கள் கருத்து.