துணிவும் பொறுப்பும்

போர்ட் கொச்சிக் கடற்கரையில் சீன வலைகளுக்கு அருகே நிற்பவர், துறைமுக வாயில் வழியே கப்பல்கள் செல்வதைக் காணலாம். இந்தியக் கடற்படையின் தென்மண்டலத் தலைமையகமும் கொச்சியில்தான் உள்ளது. கடலோடு பழகியோர் துணிவைப் போற்றுவர். ஆயினும், ஆபத்தைத் தாமே தேடிச் செல்பவருக்குப் பிறர்பால் கடமை உண்டா என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய வினாவாகும்.

கேரளத்தைச் சேர்ந்த முன்னாள் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி. இவர் 2012 நவம்பரில் மும்பையிலிருந்து பாய்மரப் படகில் தனியே புறப்பட்டு, எங்கும் நில்லாமல் உலகைச் சுற்றி, 2013இல் திரும்பினார். இவ்வாறு சுற்றிவந்த முதல் இந்தியர் இவரே. பின்னர், 2018இல் கோல்டன் குளோப் பந்தயத்தில் கலந்துகொண்டார். தற்கால வழிகாட்டும் கருவிகளின்றி, 1968ஆம் ஆண்டு மாலுமிகளைப் போலத் தனித்து உலகைச் சுற்றுவதே அப்பந்தயம்.

அவ்வாண்டு செப்டம்பர் 21 அன்று, தெற்கு இந்தியப் பெருங்கடலில் கடும்புயல் தாக்கி, அவருடைய ‘துரியா’ படகின் பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பில் அடிபட்ட அவர், எழுந்து நடக்க இயலாமல் படகினுள் கிடந்தார். இந்திய, ஆஸ்திரேலிய விமானங்கள் அவரைத் தேடிப் பறந்தன. செப்டம்பர் 24 அன்று, ‘ஒசிரிஸ்’ என்னும் பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது. அயர்லாந்து வீரர் கிரிகர் மெக்கக்கின், தம் படகின் பாய்மரமும் முறிந்துபோன நிலையில், அவரை நோக்கிச் செல்ல முயன்றார்.

ஒருவர் தனியே செல்லலாம்; ஆனால் ஆபத்து அவரோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. மீட்கச் செல்வோரும் அதே அலைகளில்தான் செல்கின்றனர். ‘விளையாட்டுக்காகச் சென்றவரை மீட்கப் பொதுப்பணத்தை ஏன் செலவிட வேண்டும்?’ என்று சிலர் கேட்பர். அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும், கடலில் தவிப்பவரைக் காப்பது பன்னாட்டுச் சட்டம் ஏற்ற கடமை. அவர் ஏன் சென்றார் என்று கேட்டு அக்கடமை செய்யப்படுவதில்லை.

ஆகவே, வீரச்செயலைத் தடுப்பது தீர்வாகாது. அதற்கு நிபந்தனைகள் மூன்று உண்டு: தக்க பயிற்சி, ஆபத்தை அறிவிக்கும் ஏற்பாடு, பிறருக்கு இடர் நேர்ந்தால் தன் வெற்றியை விட்டு உதவும் மனம். மூன்றாவதே அரியது. 2022இல் தொடங்கிய அதே பந்தயத்தில், படகு மூழ்கித் தவித்த பின்லாந்து வீரரைத் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நியூஷேஃபர் வழிமாறிச் சென்று காத்தார். பின்னர் பந்தயத்திலும் வென்றார். காயம் தேறி மீண்டும் களமிறங்கிய அபிலாஷ் டோமி இரண்டாம் இடம் பெற்றார்.

இம்மூன்றும் இல்லாத துணிவு வெறும் துடுக்கு. மழைக்காலத்தில் எச்சரிக்கைக் கொடியை மீறி, செல்பி எடுக்க அலையோரப் பாறையில் ஏறும் இளைஞன், தன் உயிரை மட்டும் பணயம் வைப்பதில்லை. அவனைக் காக்க நீரில் குதிக்கும் காவலருக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு.

2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று பல்லாயிரம் பேரைக் காத்தனர். அவர்கள் ஏற்ற ஆபத்து பிறருக்கானது. அதற்கு விளக்கம் தேவையில்லை. தன் மகிழ்ச்சிக்காக ஆபத்தை ஏற்பவரோ, காக்க வருவோரை முன்கூட்டியே நினைத்துப் புறப்பட வேண்டும்.

சிந்தித்து எழுதுக:
1. துணிவுக்கும் துடுக்குக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. எச்சரிக்கையை மீறிச் சென்றவரை மீட்கும் செலவை அவரே ஏற்க வேண்டுமா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.