முதியோர் பென்ஷனும் கிராமப் பஞ்சாயத்தும்

2021-ம் வருஷத்துச் சட்டசபைத் தேர்தலில், பென்னாகரம் பகுதியிலுள்ள கோட்டூர் மலைக்குச் சாலை இல்லாமையால், ஓட்டு யந்திரங்களைக் கழுதைகளின் முதுகில் ஏற்றி அனுப்பினார்கள். மலைவாசியின் ஓட்டு சர்க்காருக்குத் தேவை. ஆகையால் சர்க்கார் மலையேறிற்று. அதே மலையிலுள்ள கிழவிக்கு முதியோர் உதவித்தொகை தேவையானால், மனுக் கொடுக்க அவள்தான் இறங்கி வரவேண்டும். கிராம நிர்வாக அதிகாரி விசாரிப்பார். ரெவினியூ இன்ஸ்பெக்டர் சிபார்சு செய்வார். தாலுகா கச்சேரியிலுள்ள தனித் தாசில்தார் உத்தரவிடுவார். தர்மபுரி ஜில்லாவின் ஏழு தாலுகாக்களிலும் இதுவே நடைமுறை.

இந்த உதவித்தொகை 1962 ஏப்ரல் 1-ந் தேதி மாதம் 20 ரூபாயாக ஆரம்பமாயிற்று. 2023-ல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. தொகையைப் பற்றி இங்கே நாம் தகராறு செய்யவில்லை. யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் எங்கே இருக்கவேண்டும் என்பதே நமது கேள்வி.

ரேஷன் கார்டில் மகன் பெயர் இருக்கிறது. அவனோ பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவன். வருஷக்கணக்கில் காலணா அனுப்பியதில்லை. தாசில்தாரின் தஸ்தாவேஜு அவளை ஆதரவுள்ளவள் என்கிறது. அடுத்த வீட்டுக்காரிக்கு உண்மை தெரியும். அவளை யாரும் கேட்பதில்லை. கிராம சபையில் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துபோகும் விஷயத்துக்கு மாதக்கணக்கில் காகிதம் நடக்கிறது.

முதுமையில் உதவி அளிப்பது ராஜ்யத்தின் கடமை என்று அரசியல் சட்டத்தின் 41-வது ஷரத்து சொல்லுகிறது. 1993 ஏப்ரல் 24-ல் அமலுக்கு வந்த 73-வது திருத்தம், பஞ்சாயத்துக்களுக்குரிய 29 விஷயங்களில் சமூக நலத்தையும் சேர்த்தது. ஆனால் அதிகாரத்தைச் சட்டசபை 'கொடுக்கலாம்' என்றுதான் இருக்கிறது. 'கொடுக்கவேண்டும்' என்று இல்லை. இந்த ஒரு சொல்லின் விலை நம்மைப் போன்ற வக்கீல்களுக்கு நன்றாகத் தெரியும்.

இது புதுமையான யோசனையுமல்ல. இங்கிலாந்தில் 1908-ம் வருஷத்துப் பென்ஷன் சட்டம் தீர்மானிக்கும் பொறுப்பை ஸ்தலக் கமிட்டிகளிடமே விட்டது. (மனுக்களை விசாரித்த உத்தியோகஸ்தர்கள் கலால் இலாகாக்காரர்கள் என்பது வேடிக்கை!) பக்கத்திலுள்ள கேரளத்தில் மனுவை வாங்கி முடிவு செய்வது கிராமப் பஞ்சாயத்தே, பலருக்குக் கூட்டுறவுச் சங்கத்தார் பணத்தை வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

இதற்கு ஒரு பலமான ஆட்சேபணை உண்டு. அதை நாம் மறைக்க விரும்பவில்லை. 2012 நவம்பர் 7-ந் தேதி இதே ஜில்லாவில் நத்தம் காலனி முதலிய ஆதிதிராவிடர் குடியிருப்புகள் ஜாதி வெறிக்கு இரையாகி எரிந்தன. அத்தகைய ஊரில் ஓர் ஏழை ஹரிஜன மூதாட்டியின் சோற்றைப் பெரும்பான்மையோரின் கையில் ஒப்படைப்பதா என்று கேட்கிறார்கள். நியாயமான பயமே. தாசில்தார் அயலூர்க்காரர், பல சமயங்களில் அதுவே அவளுக்குப் பாதுகாப்பாகவும் இருந்திருக்கிறது.

ஆகவே நாம் சொல்லுவது இது: உதவித்தொகை கொடுக்கும் அதிகாரம் பஞ்சாயத்துக்கு இருக்கட்டும், மறுக்கும் அதிகாரம் வேண்டாம். கிராம சபை ஒப்புக்கொண்டால் அடுத்த மாதமே பணம் போகவேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் காரணத்தை எழுத்தில் கொடுத்து, தர்மபுரி அல்லது அரூர் ஆர்.டி.ஓ.வுக்குத் தானாகவே அனுப்பவேண்டும். 30 நாளில் அவர் முடிவு சொல்லட்டும். பெற்றோர் ஜீவனாம்சத்துக்கான 2007-ம் வருஷத்துச் சட்டப்படி மகன்மாரை விசாரிக்கிறவர் ஏற்கெனவே அவர்தானே! தகுதியற்ற சிலர் நுழைவார்கள் என்றால், பட்டியலைச் சபையில் உரக்கப் படித்தால் போதும். ஊர் வாய் சும்மா இராது. பணம் வழக்கம்போல் கஜானாவிலிருந்தே வரட்டும். பஞ்சாயத்தின் வரியை நம்பிக் கிழவர்களைப் பட்டினி போடக்கூடாது.

ஆனால் பஞ்சாயத்து என்றால் மக்கள் தேர்ந்தெடுத்த பஞ்சாயத்து. இந்த ஜில்லாவில் 2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ந் தேதி முடிந்து, தனி அதிகாரிகள் நியமிக்கப்பட்டார்கள். தனி அதிகாரியிடம் அதிகாரத்தை மாற்றுவது ஒரு கச்சேரியிலிருந்து இன்னொரு கச்சேரிக்கு மாற்றுவதே. காலந்தவறாத தேர்தலை உறுதி செய்துவிட்டுச் சர்க்கார் பென்னாகரம் தாலுகாவிலும் சித்தேரி மலையிலும் இதைப் பரீட்சை செய்து பார்க்கட்டும். முதல் பட்டியலை ஓர் அக்டோபர் 2-ந் தேதி கிராம சபையில் கோட்டூர் மலையிலேயே படிக்கட்டும்.